ஐசிங்கில் கலந்த சிவப்பு

வெள்ளை ஐசிங் சங்கீதாவுக்கு எப்போதும் சொன்னபடி கேட்கும். முட்டையின் வெள்ளைக்கருவில் சலித்த ஐசிங் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் போதும். கரண்டியைத் தூக்கும்போது முனை நிமிர்ந்து நிற்கும். சிவப்புதான் மக்கர் பண்ணும். கடையில் வாங்கும் கலரை எவ்வளவு விட்டாலும் ரோஸ் நிறத்தைத் தாண்டாது. இன்னும் விட்டால் ஐசிங் நீர்த்துப்போகும், வாயில் வைத்தால் கசக்கும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அவள். மகள் நித்யஸ்ரீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். போனில் வீடியோ பார்த்து குக்கீஸ் செய்யக் கற்றுக்கொண்டு, தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்துவந்தாள். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, கூம்பாகச் சுருட்டி, நுனியை வெட்டி அதில்தான் ஐசிங்கைப் பிழிவாள். மெஷினில் நேராகத் தைத்துப் பழகிய கை. கோடு கோணாது.

ரெண்டு தெரு தள்ளி இருக்கும் ரஃபத் ஜஹான் தன் மகள் புஷ்ராவின் நிச்சயத்துக்கு குக்கீஸ் கேட்டபோது சங்கீதாவுக்குப் பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேரணாம்பட்டிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை ஐசிங் மேல் சிவப்பு ரோஜா. ரஃபத் ஜஹான் புஷ்ராவின் துப்பட்டாவையே கொண்டுவந்து காட்டி, இதே சிவப்பு வேண்டும், ரோஸ் கலர் வந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கீதாவின் கணவன் வசந்த் தோல் தொழிற்சாலையில் சாயம் ஏற்றும் பிரிவில் இருந்தான். நல்ல கெட்டியான சிவப்புக் கலர் பஜாரில் ஒரு கடையில் கிடைக்கும், வேலை முடிந்து வரும்போது வாங்கி வாருங்கள் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். சனிக்கிழமை அவன் வரும்போது ராத்திரி பத்து மணி தாண்டியிருந்தது. சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மேடைமேல் வைத்தான். அதன்மேல் பெயர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. கேட்டதற்கு, கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து பிரித்துக் கொடுத்தார் என்றான். கொஞ்சமாகப் போட்டால் போதுமாம் என்றும் சொன்னான்.

ஞாயிறு காலை அவள் அதைத் திறந்தாள். பவுடர். குச்சி முனையில் தொட்டு ஐசிங்கில் கலக்கியதும் கிண்ணம் முழுக்கச் சிவந்தது. துப்பட்டாவின் அதே சிவப்பு. ஐசிங் நீர்க்கவும் இல்லை. வெள்ளையாக இருந்தபோதே இனிப்பைச் சரிபார்த்துவிட்டதால் அவள் மறுபடி வாயில் வைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ரோஜாவும் பிழியப் பிழிய உயிரோடு மலர்வதுபோல் இருந்தது. மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, அடுக்கி, வசந்தின் வண்டியில் கொடுத்தனுப்பினாள். வரும்போது அவன், அந்தம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க என்றான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

உடைந்துபோன குக்கீ ஒன்று மிச்சமிருந்தது. நித்யஸ்ரீ அதற்காகவே காத்திருந்தாள். தின்றுவிட்டு வந்து, "அம்மா, எப்பிடி இருக்குது பாரு," என்று நாக்கை நீட்டினாள்.

சங்கீதா சிரித்தபடி முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். சிவப்பு போகவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். சோப்புப் போட்டாள். உதடும் பற்களின் இடுக்கும் நாக்கும் அப்படியே இருந்தன. அப்போதுதான் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனை முறை கை கழுவியிருப்பாள்? பாத்திரமும் தேய்த்தாயிற்று. நுனியில் சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை.

இந்தச் சிவப்பை அவள் தினமும் பார்க்கிறாள். எங்கே என்பது நினைவுக்கு வந்ததும் டப்பாவைக் கையில் எடுத்தாள். உள்ளே போனாள். வசந்த் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மார்மேல் கிடந்த அவன் கையை எடுத்து, சிவப்பேறிய நகக்கண்களுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

அவனை எழுப்பினாள். டப்பாவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எங்க வாங்குனது?"

பஜாரில்தான் என்றான். எந்தக் கடை என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். ஓவர்டைம் முடிந்து போனபோது கடை மூடியிருந்தது. வெறுங்கையோடு வந்தால் அவள் அழுவாள் என்று தோன்றியது. திரும்பிப் போய்த் தொழிற்சாலையிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்துவிட்டான்.

தெரியாமல் நடந்திருக்கும், கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்று அந்த நிமிடம்வரை அவள் மனம் ஏதேதோ வழி தேடிக்கொண்டிருந்தது. இவன் தெரிந்தே செய்திருக்கிறான்.

"பாப்பா தின்னுட்டா," என்றாள்.

அவன் முகம் மாறியது. ஆனால் அடுத்து அவன் சொன்னதுதான் அவளை நிலைகுலைய வைத்தது.

"ஒண்ணும் ஆவாது சங்கீதா. கொஞ்சூண்டுதானே. எட்டு வருஷமா என் கை அதுலதான் கெடக்குது. அந்தக் கையாலதான் சோறு திங்கறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?"

அவன் சமாளிக்கவில்லை. அதை நிஜமாகவே நம்பிச் சொன்னான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். புறங்கையில் தோல் வெடித்து, பொருக்குத் தட்டியிருந்தது. சொறிவான், தேங்காய் எண்ணெய் தடவுவாள், அத்தோடு மறந்துவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவனை "நீங்க" என்றே கூப்பிட்டவள், "நீ வண்டிய எடு," என்றாள்.

வழியில் ரஃபத் ஜஹானுக்குப் போன் போட்டுக்கொண்டே போனாள். யாரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது பந்தல் போட்டாகிவிட்டது, உள்ளே பிரியாணி வாசனை. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். நடுக்கூடத்தில் வெள்ளித் தட்டுகளில் ரோஜாக்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. ரஃபத் ஜஹான் பட்டுப் புடவையில் எதிரே வந்தாள்.

"வா சங்கீதா. இப்பதான் உன்னைப் பத்தி சொல்லிட்டிருந்தேன். மனசு கேக்காம நானே ஒண்ணு எடுத்து தின்னுட்டேன்," என்று சிரித்தாள். நாக்கு சிவந்திருந்தது.

சங்கீதா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். யார் மேலும் பழியைத் தள்ளிச் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரர் எடுத்தாந்தாரு, நான் பாக்காம கலந்துட்டேன். யாரும் தொட வேணாம் அக்கா," என்றாள்.

ரஃபத் ஜஹான் திட்டுவாள் என்று சங்கீதா காத்திருந்தாள், திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அவளோ, வேறு யாராவது தின்றார்களா என்று புஷ்ராவைக் கூப்பிட்டுக் கேட்டாள். இல்லை என்றதும் தட்டுகளைத் தானே எடுத்துப்போய்ப் பின்பக்கம் ஒரு மூட்டையில் கொட்டிக் கட்டினாள். அவளுடைய தம்பி ஒருவர் டாக்டராம், அவருக்குப் போன் செய்து தாழ்ந்த குரலில் பேசினாள். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு, குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். வெளியே கார்க்கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. முந்தானையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சம்பந்திகளை வரவேற்க வாசலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வாந்தி எடுக்கவைக்க வேண்டாம் என்று சொல்லி, குழந்தையைப் படுக்கவைத்து ரத்தம் எடுக்கச் சொன்னார். அது என்ன சாயம், என்ன பெயர் என்று கேட்டார். வசந்துக்குத் தெரியவில்லை. எட்டு வருஷமாக அள்ளிக் கொட்டிய பொருளுக்கு அவனுக்குத் தெரிந்த பெயர் "நாலாம் நம்பர் சிவப்பு" என்பதுதான். சூப்பர்வைசருக்குப் போன் செய்து டிரம்மின்மேல் இருந்த பெயரை வாட்ஸ்அப்பில் வரவழைத்தான். டாக்டர் அதைப் படித்துவிட்டு யோசித்தார். இதை வெறுங்கையால் அள்ளியா வேலை செய்கிறாய் என்று கேட்டு, அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். குழந்தை தின்றது கொஞ்சம்தான், ஆனால் ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். அவன் கைகளைத் தோல் டாக்டரிடம் காட்டச் சொன்னார். கை வெடித்ததற்குக் காரணம் அந்தச் சிவப்புதான் என்பது வசந்துக்குப் புரிந்தது. அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

நித்யஸ்ரீக்கு வயிற்றுவலியும் லேசான காய்ச்சலும் வந்து தணிந்தன. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் நேரத்தில் ரஃபத் ஜஹான் வந்தாள். தனக்கு ஒன்றுமில்லை என்றும் நிச்சயம் நல்லபடி முடிந்தது என்றும் சொன்னாள். குழந்தையின் கன்னத்தைத் தடவினாள்.

"நீ வந்து சொன்னே. வராம இருந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு ராத்திரி பூரா தூக்கமே இல்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உன் கையால இனிமே எங்க வீட்டுக்கு எதுவும் வேணாம்மா. தப்பா நெனைக்காதே," என்றாள். சங்கீதா தலையசைத்தாள்.

வசந்த் அந்த வாரமே பஜாரில் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மற்றவர்கள் கேலி செய்ததாகவும், பிறகு ஒருவர் அதை எங்கே வாங்கினாய் என்று கேட்டதாகவும் வந்து சொன்னான். அவன் கழற்றவில்லை. அவளிடம் மன்னிப்பும் கேட்டான், ஒருமுறை அல்ல.

ஒரு மாதம் கழித்து, பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு பிறந்தநாளுக்கு குக்கீஸ் கேட்டு வந்தார்கள். வெள்ளை மட்டும்தான் செய்வேன் என்று சங்கீதா ஒப்புக்கொண்டாள். அவள் வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருக்கும்போது வசந்த் பக்கத்தில் வந்து, ஐசிங் சர்க்கரைப் பாக்கெட்டைப் பிரித்து அவளிடம் நீட்டினான். கை நீட்டி வாங்கியவள், கிண்ணத்தில் கொட்டாமல் நின்றாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். இனித்தது. மறுபடி ஒருமுறை தொட்டு வைத்துப் பார்த்தாள்.

வசந்த் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சல்லடையை எடுத்துக் கழுவப் போனான்.