உறுப்பினர் அல்லாதவர்

கதவின் மேல்தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவர் நாற்காலியில் ஏறி நின்று உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. செருப்பைக் கழற்றி அதன் குதியால் ஓங்கி அடித்ததும் கிறீச்சென்று நகர்ந்து பொருந்தியது.

"அப்பா, என்ன பண்றீங்க?" சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"கதவச் சாத்துறேன்."

"வெளிய அவ்வளவு பேர் நிக்கிறாங்கப்பா. பத்து மணிக்கு வண்டி வந்துடும்."

"மணி எட்டேமுக்கால்தான ஆகுது? பத்து வரைக்கும் நிக்கட்டும். முப்பது வருஷம் உள்ளதான இருந்தாங்க."

மகள் அருகே வந்தாள். நாற்காலியிலிருந்து அவர் இறங்கும்வரை முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முன்னறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். மூடி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடியோடு படுத்திருந்தாள். காலையில் அவர்தான் அதைத் துடைத்துப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முகம் யாரோ ஒரு அம்மாவின் முகமாக இருந்தது. கண்ணாடி ஏறிய பிறகுதான் அவளானாள்.

அவளைப் பெட்டிஷன் அக்கா என்பார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்துநாலு வருட வேலை. அதில் முப்பத்தோரு வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதி. வார்டு ஆயாவுக்கு லீவு மறுத்தாலும் சரி, லிஃப்ட் ஓட்டுகிறவரை விசாரணைக்குக் கூப்பிட்டாலும் சரி, டியூட்டி முடிந்ததும் நேரே இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கு அவள் அக்கா என்பதால் இவர் மாமா ஆனார். கூடப்பிறந்தவர்கள் யாருமில்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டோம், மச்சினன் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்த மனுஷருக்கு இருநூறு மச்சினர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவருக்கு இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை. அவள் முதலில் வந்ததும் அந்தக் கடைக்குத்தான். ஒரு கால் உடைந்த கண்ணாடியைக் கவுண்டரில் வைத்து, "பத்து நிமிஷத்துல விசாரணை. சரி பண்ணிக் குடுங்க. எழுத்து தெரியலன்னா எதை நீட்டினாலும் கையெழுத்து போட்டுட்டு வந்துருவேன்" என்றாள். ஆறு நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்தார். விசாரணை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாலையில் அவளே வந்து சொன்னாள், ஜெயித்துவிட்டாளாம்.

கல்யாணமான பிறகு அவருக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. மேலதிகாரி உத்தியோகம். நாளைக்குப் பேச்சுவார்த்தை என்றால் இன்றைக்குச் சாயங்காலம் அவர் இந்த முன்னறை நாற்காலியில் மேலதிகாரியாக உட்கார வேண்டும். அவள் எதிரே நின்று கோரிக்கைகளைச் சொல்வாள். அவர் மறுக்க வேண்டும்.

"பட்ஜெட்டுல இடமில்லம்மா."

"அப்படிச் சொல்லாதீங்க. அவரு அப்படி நேரா சொல்ல மாட்டாரு. முதல்ல டீ குடிக்கிறீங்களான்னு கேப்பாரு."

"டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம் சார். கையுறைக்கு ஆர்டர் போடுங்க, அப்புறம் குடிக்கிறேன்."

கொஞ்ச நாளில் கை தேர்ந்துவிட்டார். அவள் யோசிக்காத கேள்வியாகப் பார்த்துக் கேட்பார். அவள் திணறினால் உள்ளூர ஒரு சந்தோஷம். அடுத்த நாள் அதே கேள்வியை நிஜ அதிகாரி கேட்டார் என்று வந்து சொன்னால் அதைவிடச் சந்தோஷம். வீட்டில் அவர் குரல் உயர்ந்ததெல்லாம் அந்த நாற்காலியில்தான்.

இதற்கெல்லாம் அவருக்குக் குறையில்லை. குறை ஒன்றுதான், அது ஆஸ்பத்திரியில் நடந்தது.

கடைசி ஒன்பது நாள் அவள், தான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாள். முதல் நாளே படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது நம்ம ரெண்டாம் நம்பர் மெஷின்ல வந்தது. ஓரம் சுருங்கியிருக்கு பாருங்க" என்றாள். கட்டில் அருகே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. பார்க்க வந்தவர்களோ வார்டு வாசலைத் தாண்டி வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்காகவும் அவர் எழுந்து வெளியே வந்தார். கடைசி நாள் மட்டும் பதினோரு தடவை எழுந்தார். பதினோராவது ஆள் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் ஒரு சின்ன உருவப் பெண், கான்ட்ராக்ட் தொழிலாளி. அவள் உள்ளே போனாள். அவர் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பது வருஷம் கூட இருந்தவர் பெஞ்சில் இருக்க, ஒரு வருஷப் பழக்கம்கூட இல்லாத யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போயிருக்கிறாள். அது அவருக்குத் தாங்கவில்லை. அதனால்தான் தாழ்ப்பாள். ஒரு மணி நேரம், நடுவில் யாரும் வராத ஒரு மணி நேரம் அவருக்கு வேண்டியிருந்தது.

நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "டீ குடிக்கிறியா?" என்றார். அவருக்கே சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

வெளியே குரல்கள் ஏறத் தொடங்கின. ஐந்து நிமிஷம் பொறுத்தார். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

ஜன்னலுக்கு நேர் கீழே, கூட்டத்திலிருந்து விலகி, மதிலோடு ஒட்டி அந்தச் சின்ன உருவப் பெண்ணே நின்றிருந்தாள். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள். அவரைக் கண்டதும் பதறிப்போனாள்.

"சத்தம் போட வேணாம்னுதான் சொல்றோம் சார். நாங்க பின்னாலயே வர்றோம், எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"என்ன தகராறு?"

"பெட்டியத் தூக்குறதுக்கு எங்கள்ல ஒரு ஆளு சேந்துக்கலாமான்னு கேட்டோம். அது உறுப்பினருங்க மட்டும்தான்னு விதி இருக்காம்."

நாலு வருடம் முன்பு சலவைக்கூடத்தில் பாதியைக் கான்ட்ராக்டுக்கு விட்டார்கள். ஒரே மெஷின், ஒரே ஆவி, ஒரே அழுக்குத் துணி. நிரந்தர ஆட்களுக்குக் கையுறையும் பூட்ஸும் உண்டு, இவர்களுக்கு வெறுங்கை. மனைவியின் கடைசி இரண்டு வருடமும் இவர்களுக்காகத்தான் கழிந்தது. கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டாள். சங்கத்தில் சேர்க்கும் தீர்மானம் பாதியில் நின்றது.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு நீதான இருந்த?"

"ஆமா சார்."

"ஏதாவது சொன்னாளா?"

"மூச்சு ஒரு மாதிரி வந்துச்சு. சாரைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். கண்ணாடிக் கதவு வழியா உங்களத் திரும்பிப் பாத்தாங்க. 'வேணாம். காலைலேந்து நின்னுட்டே இருக்காரு, இப்பத்தான் கண்ணசர்றாரு. கொஞ்சம் தூங்கட்டும், எழுப்பிராத'ன்னாங்க. நான் மீறிக் கூப்பிட்டிருக்கணும் சார். அதைச் சொல்லத்தான் மூணு நாளா வர்றேன். உங்க மொகத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிர்றேன்."

அவர் ஜன்னல் கம்பியை விட்டார். தன்னைத்தான் அவள் கடைசியாகப் பார்த்திருக்கிறாள், வாயைத் திறந்துகொண்டு தூங்கிய தன்னை. வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சில் மூன்று நாளாகக் கிடந்த கல்லைத் தூக்கி எடுத்த மாதிரியும் இருந்தது. நாற்காலியைக் கதவுக்கு இழுத்துப் போய் ஏறி, தாழ்ப்பாளை அடித்துத் திறந்தார்.

வாசலில் பாய்லர்காரர் ஒரு பழுப்புக் காகிதத்தோடு நின்றிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். சலவைக்கூடத்துக்கு ஆவி அனுப்பும் பாய்லர் அவர் பொறுப்பில். அவளுக்குப் பிறகு சங்கச் செயலாளரும் அவர்தான்.

"மன்னிச்சுக்குங்க மாமா. நான் வேணும்னு சொல்லல. அக்காவே டைப் அடிச்சு கையெழுத்து போட்ட விதி. அவங்க சாவுலயே நான் அத மீறினா எப்படி?"

அவர் காகிதத்தை வாங்கினார். சங்கத்தின் கிளை விதி. மறைந்த உறுப்பினரின் பெட்டியை உறுப்பினர்களே சுமப்பர். நீண்டகால உறுப்பினர் அறுவர். உறுப்பினர் அல்லாத எவருக்கும் அந்த உரிமை இல்லை. அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. லிஃப்ட் ஓட்டுகிறவர் இறந்தபோது, அவருக்குக் கடைசிவரை லீவு கொடுக்காத அதிகாரியே போட்டோவுக்காக முன்னால் வந்து தோள் கொடுத்தார். அவள் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் இதை டைப் அடித்தாள். வழக்கம்போல் இவரை நாற்காலியில் உட்காரவைத்து ஓட்டை இருக்கிறதா பார்க்கச் சொன்னாள். அதிகாரி ஓய்வு பெற்றவராக இருந்தால்? அதிகாரி உறவுக்காரராக இருந்தால்? எல்லாக் கேள்வியும் கேட்டார். ஒரு கேள்வி மட்டும் கேட்கத் தவறிவிட்டார்.

"இதுல நான் எங்க வர்றேன்?" என்றார்.

"மாமா?"

"நான் உங்க சங்கத்துல உறுப்பினரா?"

பாய்லர்காரர் விழித்தார். "ஐயோ, நீங்க குடும்பம்."

"குடும்பம்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பாப்போம்."

பாய்லர்காரர் காகிதத்தை மறுபடி படித்தார், அதில் இல்லை என்று தெரிந்தே படித்தார். மற்ற சாவுகளில் குடும்பத்தார் அழுதுகொண்டே பின்னால் நடந்தார்கள். யாரும் கேட்டதில்லை.

"அப்ப நானும் அந்தப் பொண்ணுங்களோட பின்னாலதான் வரணும்" என்று அவர் சொன்னார். "இல்ல, என்னைச் சேத்தா அவங்களையும் சேக்கணும். எனக்கு மட்டும்னு சலுகை குடுத்தா உங்க அக்கா எந்திரிச்சு உக்காந்துருவா."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விதிய மாத்தணும்னா கமிட்டி கூடணும் மாமா. ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கணும்."

"அவசரக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வேணாம். கமிட்டில பாதிக்கு மேல இருந்தாப் போதும். எத்தன தடவ என்னை உக்கார வெச்சு இதப் பேசியிருக்கா! இங்க எத்தன பேர் இருக்கீங்க?"

பாய்லர்காரர் திரும்பிப் பார்த்தார். கமிட்டியில் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் தெருவில்தான் நின்றார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் முழு வருகை இருந்ததில்லை.

அங்கேயே கூட்டம் தொடங்கியது. பாய்லர்காரர் மதில்மேல் காகிதத்தை வைத்து அதன் பின்பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினார். இடம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'அக்கா வீட்டு வாசல்' என்று எழுதினார். குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர் எவரும் சுமக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். எக்ஸ்ரேக்காரர் வழிமொழிந்தார். "'அதிகாரிகள் நீங்கலாக'ன்னு சேருங்க, இல்லன்னா அந்த ஆளு வந்து நிப்பான்" என்று ஒரு வார்டு ஆயா திருத்தம் கொண்டுவந்தாள். அதையும் சேர்த்தார்கள். கைகள் உயர்ந்தன. மார்ச்சுவரி காவலாளி மட்டும் கையைத் தூக்கவில்லை.

"எதிர்ப்பா?" என்றார் பாய்லர்காரர்.

"எதிர்ப்பெல்லாம் இல்ல. எதிர்த்து ஒரு ஓட்டுன்னு எழுதிக்கோ. ஒருமனதா நிறைவேறுச்சுன்னு எழுதினா அக்கா நம்ப மாட்டாங்க. எவன மிரட்டினீங்கன்னு கேப்பாங்க."

அப்படியே எழுதினார்கள். பன்னிரண்டு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. சொல்லிவிட்டுக் காவலாளி மதில் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

வண்டி தெருமுனையில் நின்றது. தெரு குறுகல், உள்ளே வராது. மகள் வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். அவர் மூடியைத் தாமே பிடித்துப் பொருத்தினார். ஆறு பேர் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் பாய்லர்காரர், மறுபக்கம் அந்தச் சின்ன உருவப் பெண். அவர் அவளுக்குப் பின்னால்.

தூக்கியதுமே பெட்டி அவள் பக்கம் சரிந்தது. உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்தது, அவருக்குக் கேட்டது. அந்தப் பெண் குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நின்று பார்த்தாள். அப்படியும் எட்டவில்லை.

"நான் மாறிக்கறேன் சார், வேற யாராவது..."

"நில்லும்மா" என்றார் பாய்லர்காரர். முழங்காலை மடக்கித் தோளை இறக்கினார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். கண்ணாடிக்கடைக்காரரும் தம் பழைய முழங்கால்களை மடக்கினார். பெட்டி மட்டமாயிற்று.

அப்படியே, உட்காரப் போகிறவர்கள் போல அரைக்குனிவில், ஆறு பேரும் தெருமுனைவரை நடந்தார்கள்.