ஜூலியன் வந்திருக்காரு

வெளிநாடு, வெளிநாடு என்று கோத்தகிரியில் மூன்று மாதமாகத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்த சுமனுக்கு, இலங்கையில் இறங்கிக் கினிகத்தேனை தாண்டியதும் மூஞ்சி தொங்கிப்போனது. வேன் ஜன்னலுக்கு வெளியே தேயிலை, தேயிலை, திரும்பின பக்கமெல்லாம் தேயிலை.

“அடப்பாவிகளா! இதப் பாக்கவா பாஸ்போர்ட் எடுத்துப் பிளேன் ஏறி வந்தோம்? எங்க வீட்டுக் கொல்லையிலயே இதுதானடா நிக்குது!”

பக்கத்தில் இருந்த அழகன் சிரித்தான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஜூலியன் சிரிக்கவில்லை. மூன்று பேரும் முப்பது வருடச் சிநேகிதர்கள். அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து ஒன்றாகத் தலை நரைத்தவர்கள். இலங்கையைச் சுற்றிப் பார்ப்போம் என்று ஆரம்பித்து வைத்ததே ஜூலியன்தான். எதற்காக என்று மட்டும் அவன் சொல்லவில்லை. கொழும்பில் சொல்லலாம் என்று நினைத்தான், முடியவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் அவன் தேடி வந்த தோட்டமே வந்துவிடும்.

“டேய், நான் ஜூலியன் இல்லடா. என் பேரு கஸ்பர்.”

சுமன் கையிலிருந்த கடலைப் பொட்டலம் அப்படியே நின்றது. “காலையிலயே ஏத்திட்டியா?”

ஜூலியன் சொன்னான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளை அவன். இங்கேதான், தோட்டத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தான். எண்பத்து மூன்றில், தோட்டத்துத் தமிழரைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில், பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியா போகக் கடுதாசி வந்தது. பாஸ்போர்ட்டில் பிள்ளைகளுக்குப் படம் கிடையாது, பேர் மட்டும்தான். ஜூலியன் என்று பெரியம்மா மகன் பேர் இருந்தது. கஸ்பர் பேர் இல்லை. அவனைப் பக்கத்து வீட்டுக்காரர் காம்பராவில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. புறப்படுகிற அன்று காலையில் ஜூலியனைக் காணோம். தேடாத இடமில்லை. லொறிக்காரன் கத்துகிறான். பன்னிரண்டு வயது கஸ்பர் சக்கரத்துப் பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். பெரியம்மா அவனைத் தூக்கி லொறிக்குள் போட்டு, “இனிமே நீதான்டா ஜூலியன்” என்றாள். தலைமன்னாரில் கப்பலேறும்போது பேரைக் கேட்டார்கள். அதையே சொன்னான். நாற்பது வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“அப்ப இத்தன வருஷமா வேற எவன் பேரச் சொல்லிடா உன்னத் திட்டிக்கிட்டிருந்தேன்?” என்றான் சுமன். சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

“அண்ணனுக்கு இந்தியா போகப் பயம், ஓடிட்டான்னுதான் பெரியம்மா சாகுற வரைக்கும் சொன்னாங்க. தொண்ணூத்தாறு வரைக்கும் அவன்கிட்டயிருந்து காயிதம் வந்துச்சு. கல்யாணம் கட்டிட்டேன்னு எழுதினான். அப்புறம் ஒண்ணுமில்ல. கோபம்னு விட்டுட்டோம்.” ஜூலியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அவன் கால்ல விழுந்து, ஒம் பேர்லதான் அண்ணே சோறு தின்னேன்னு சொல்லணும். அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்த மன்னிச்சேன்னு சொன்னாப் போதும்.”

வேன் ஓட்டிய தனுஷன் கினிகத்தேனைக்காரன், உதவுகிற மனசுள்ள பையன். வேன் பாட்டுச் சத்தத்தில், இவர் சொந்தக்காரரைத் தேடி வருகிறார் என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருந்தது. அட்டன் வந்ததும் ஓரமாக நிறுத்தி, அந்தத் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிற தன் கூட்டாளியைப் போனில் பிடித்தான். மலைக்குள் போன் விட்டு விட்டுத்தான் எடுபடும். “மச்சான், கேக்குதா? இந்தியாவுலயிருந்து ஜூலியன் வந்திருக்காரு! ஜூலியன்! சொந்தக்காரங்களத் தேடி வாறாரு. மேப்பிரிவு லயத்துல சொல்லி வை!” என்று கத்தினான். அந்தப் பக்கம் ஒரு கூச்சல், அதோடு லைன் அறுந்தது.

நல்லதுதான் செய்தான், பாவம்.

திம்புள்ளப் பக்கம் திரும்பி, தார் போய்க் கல்லு ரோடு வந்து, தூறலோடு வேன் தோட்டத்து மேப்பிரிவில் ஏறியபோது, லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க வாசலில் நின்றது. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்காமல்கூடச் சில பெண்கள் ஓடி வந்திருந்தார்கள். ஜூலியன் ஜன்னலை இறக்கிப் பார்த்தான். தன்னை இத்தனை பேர் எதிர்பார்க்கிறார்களா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஊதாச் சேலை, மடிப்புக் கலையவில்லை. அவசரமாகத் தலை சீவியிருந்தாள். பின்னால் ஒரு இளம்பெண், அழுதுகொண்டே.

ஜூலியன் இறங்கினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். சுமனைப் பார்த்தாள், அழகனைப் பார்த்தாள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து கடைசி சீட்டு வரைக்கும் பார்த்தாள்.

“அவங்க எங்க?” என்று தனுஷனிடம் கேட்டாள்.

“இவருதான் அக்கா ஜூலியன்.”

“இவரு இல்லையே,” என்றாள் அவள். அப்புறம் மெதுவாக, “இவரு இல்லையே தம்பி,” என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு, ஈரத் தரையில் அந்தச் சேலையோடு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பேர் ஜெயந்தினி. நிஜ ஜூலியன் கட்டிய பெண்டாட்டி. கூட வந்தவள் மகள் சுலக்ஷனா, இருபத்தெட்டு வயது, அப்பன் முகத்தைப் பார்க்காதவள். காம்பராவுக்குள் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கஸ்பர் தான் யார் என்று சொன்னான்.

“அவங்க பயந்து ஓடல,” என்றாள். “தம்பி அழுதான், எங்கம்மாவ விட்டா அவனுக்கு யாரிருக்கா, நான் இல்லாட்டி எம் பேர்ல அவன ஏத்திக்குவாங்க, அதான் மலைக்குள்ள தேயிலைக்கு அடியில படுத்துக்கிட்டேன், லொறி போற சத்தம் கேட்ட பொறவுதான் எந்திரிச்சேன்னு சொல்லுவாங்க. சொல்லிச் சிரிப்பாங்க.”

கஸ்பர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அடையாள அட்டை எடுக்க ஜூலியன் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். ஜூலியன் எண்பத்து மூன்றில் இந்தியாவுக்குப் போய்விட்டான், இந்த நாட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை. தொண்ணூற்றாறில், அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோது, கொழும்பில் கடை வேலை கிடைத்துப் பஸ் ஏறினான். சண்டைக் காலம். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் அட்டையை நீட்டினார்கள். நீட்ட ஒன்றும் இல்லாத ஒருத்தனை இறக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அதே பஸ்ஸில் போன தோட்டத்து ஆள்தான் வந்து சொன்னான். அத்தோடு சரி.

“காணாமப் போனவங்கள்ல பேரப் பதியப் போனேன். அங்கயும் அதே கதைதான். ஒம் புருஷன் இந்தியாவுல இருக்கான், போய்த் தேடிக்கன்னாங்க. லயத்துலயும் அதையேதான் பேசினாங்க. அங்க வேற குடும்பம் வச்சிருக்காராம், என்னய ஏமாத்திட்டுப் போயிட்டாராம். கேட்டுக் கேட்டு எனக்கே சில நேரம் அப்படித்தானோன்னு வந்துச்சு. உசிரோட இருந்தாப் போதும், எவளோடயாச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன். இன்னைக்கு அந்த ஆட்டோப் பையன் ஓடி வந்து சொன்னதும்…”

சுலக்ஷனா கொப்பியிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, பேனாவோடு கஸ்பர் முன்னால் வைத்தாள்.

“எழுதிக் குடுங்க சித்தப்பா,” என்றாள். “இந்தியாவுக்கு வந்தது எங்கப்பா இல்ல, நீங்கதான்னு. பாஸ்போட்டு நம்பரையும் போட்டு ஒரு கையெழுத்து. அது இருந்தா அப்பா பேர காணாமப் போனவங்கள்ல பதியலாம். அம்மா கோயில்ல அப்பா ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கலாம். எங்கள ஏமாத்திட்டுப் போனவருன்னு இனிமே ஒருத்தரும் சொல்ல ஏலாது.”

கஸ்பர் பேனாவை எடுத்தான். ‘கஸ்பர் ஆகிய நான்’ என்று எழுதினான். நாற்பது வருடத்தில் அந்தப் பேரை அவன் எழுதியது அதுதான் முதல் தடவை. சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

“ஒரு நிமிஷம் வெளிய வா,” என்று சுமன் அவன் தோளைப் பிடித்தான். வாசலில் வைத்துக் காதுக்குள் பேசினான். “பைத்தியமாடா உனக்கு? கள்ளப் பேர்ல வந்தவன்னு நீயே எழுதிக் குடுக்கிறியா? பென்ஷன் போச்சு, வீடு போச்சு. உன் மக பூரணிக்கு வேல கெடச்சது எதுல? தாயகம் திரும்பினவன்னு உன் சர்டிபிகேட்டுலதானடா! நாளைக்கே அவள வெளிய அனுப்புவான். பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டா எந்த நாட்டுக்குடா போவ நீ?”

அழகன் மட்டும், “எழுதிக் குடுத்துருடா,” என்றான். “பாவம்டா அதுங்க.”

தூறல் வலுத்தது. பூரணிக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடன் இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. கஸ்பர் இதெல்லாம் நினைத்தான். நினைத்த அந்த நிமிடத்திலேயே தன்மேல் அவனுக்கு வெறுப்பு வந்தது. வெறுத்து என்ன, உள்ளே போய்ப் பேனாவை எடுக்கக் கால் நகரவில்லை.

“அண்ணி,” என்றான் வாசலில் நின்றபடியே. “ஊருக்குப் போயி ஒரு வக்கீலக் கேட்டுட்டு, முறையா எழுதி அனுப்புறேன். இப்படிக் கொப்பித் தாளுல எழுதினா செல்லாது.”

இருபத்தெட்டு வருடமாகக் கந்தோர்களில் கேட்ட பதில்தானே. ஜெயந்தினிக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுலக்ஷனா ஏதோ கத்த வாயெடுத்தாள். தாய் அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

கஸ்பர் பர்ஸைத் திறந்து கொஞ்சம் நோட்டுகளை எடுத்தான். அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவன் எடுத்ததை மறுபடி உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. அந்த வெட்கம் சாகும்வரைக்கும் போதும் அவனுக்கு.

வேன்வரைக்கும் அவள் வந்தாள். சனம் இன்னும் கலையவில்லை. வந்தவர் யார், என்ன சேதி என்று எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்தது. இவ்வளவு நேரம் இவ்வளவு கதை சொன்னாளே, ஒரு தடவையாவது புருஷன் பேரை அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். கலியாணமான நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததே இல்லை.

கஸ்பர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். அவள் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினான்.

“நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம்,” என்றாள். “அந்தப் பேர நீங்களே வச்சிக்கங்க. அவங்க குடுத்ததுதானே.” அப்புறம் லயத்துச் சனம் முழுக்கக் கேட்கும்படி, “பாத்துப் போங்க, ஜூலியன்,” என்றாள்.