கரும்பலகைக்குப் போகும் வழி

கணித வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை மற்றவர்களுக்குப் பன்னிரண்டு அடி. பொடியனுக்கு மட்டும் பல வருட நடை. பொடியன் என்பது விடுதியில் வைத்த பெயர், ஆள் என்னவோ நல்ல உயரம். தூரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் பரீட்சையில் பூஜ்யம் வாங்கிய மறுநாள், விரிவுரையாளர் ஒரு நிரூபணத்தை முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்றார். எல்லோரும் தலையாட்ட, அவனும் ஆட்டினான். பலகை மாட்டியிருந்த சுவர் ஒரு முழம் பின்னால் போனது. அதற்கப்புறம் பொய்யாகத் தலையாட்டும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் போனது. கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. பலகையில் எழுத்துகள் எறும்பாயின, பிறகு எறும்பும் இல்லை.

அவனுடைய அக்கா ஆஸ்பத்திரியில் போர்வை துவைப்பவள். தன் படிப்பை விட்டுவிட்டு இவனை இன்ஜினியராக்கக் கிளம்பியவள். சோப்புக் காரத்தில் தோல் உரிந்த கையோடு தினமும் போன் செய்து, "படிப்பு எப்படிடா?" என்பாள். "சூப்பர்க்கா" என்பான். கணிதத்தில் இரண்டு முறை தோற்றாயிற்று, மூன்றாம் முறையும் தோற்றால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்தக் கடைசிப் பரீட்சைக்கு முந்தின வாரம், ஒரு கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லி விரிவுரையாளர் அவனை அழைத்தார். எழுந்து நடந்தான். அப்போதுதான் மற்றவர்களுக்கும் அந்தத் தூரம் தெரிந்தது. மணி அடித்து எல்லோரும் போனபிறகும் நடந்துகொண்டிருந்தான். இவ்வளவு தரையையும் யார் பெருக்குவது என்று துப்புரவுப் பணியாளர் முனகினார். பரீட்சை அவனில்லாமலே முடிந்தது. வருகைப் பதிவிலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள்.

நடுவழியில் போன் வந்தது. "எங்கடா இருக்க?"

"கிளாஸ்லதான்க்கா."

"பாடம் புரியுதா?"

நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "ஒண்ணுமே புரியலக்கா. முதல் நாள்லேருந்தே புரியல. பரீட்சையும் போச்சு. பலகை ரொம்ப தூரத்துல இருக்கு."

செத்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு.

"திரும்பி வந்துர்றியா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தான். பெஞ்சும் கண்ணுக்கெட்டாத தூரத்தில்தான் இருந்தது. "இல்லக்கா. அந்தக் கணக்க ஒரு தடவையாவது கிட்ட போய்ப் பாக்கணும்."

"அப்ப நட. நான் அங்க வந்து நிக்கிறேன்."

சுவர் அன்றோடு நகர்வதை நிறுத்திக்கொண்டது, கிட்டே வரவும் இல்லை. அதன்பின் எத்தனையோ மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். புதிதாக வருபவர்கள் அவன் பக்கமாகத் தண்ணீர் பாட்டில்களை உருட்டிவிடுகிறார்கள். விரிவுரையாளர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், தூரத்திலிருந்து "இல்ல சார்" என்று சன்னமாக ஒரு குரல் வரும். அவரும் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து போடுவார். வேலை முடிந்ததும் அக்கா வந்து பலகையருகே நிற்பாள். போன வருடம்வரை அவன் வெறும் புள்ளி. இந்த வருடம் சட்டையின் நிறம் தெரிகிறது என்கிறாள்.