நின்ற இடத்தில் ஒரு பொட்டு

ராகுலன் அத்தான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில், அப்பா பெருமையோடு போட்ட செய்திக்குக் கீழே, லண்டன் மாமி அனுப்பிய பூங்கொத்துக்கும் ரொறன்ரோ சித்தப்பாவின் வாழ்த்துக்கும் நடுவில் அந்த மஞ்சள் விரல் நின்றது. அதோடு ஒரு வரி: "கெட்டிக்காரி சிவானி! நீ செய்ததை எடுத்துப் பாக்கிறன்." சிவானி கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சொன்னால் வெட்கம், முதலில் அவளுக்குச் சந்தோசமாகவே இருந்தது. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் கணினி தெரிந்த ஆள் என்று பேர் வாங்கியவர் அவர். அவர் வாயால் கெட்டிக்காரி என்று வருவது லேசில்லை. பிறகுதான் கடைசிச் சொல் உறைத்தது. எதை எடுத்துப் பார்க்கப் போகிறார்? துருவலையில் பாதித் தேங்காய் அப்படியே கிடந்தது.

கம்பஸில் படிக்கிற பிள்ளைகளைத் திறந்த மூல மென்பொருளுக்கு அறிமுகப்படுத்தும் ஒரு வழிகாட்டல் திட்டத்தில் அவள் சேர்ந்திருந்தாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் கூடி எழுதும் மென்பொருள். அதன் உள்ளும் புறமும் யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், பிழை கண்டால் திருத்தியும் தரலாம். புதிதாக வருகிற பிள்ளை திசை தெரியாமல் நிற்கக்கூடாது என்று ஒரு வழிகாட்டியைத் தருவார்கள். சிவானிக்குக் கிடைத்தவன் தெமட்டகொடை ஷாமில், அவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். முதல் நாளே ஒரு வழக்கத்தைச் சொன்னான்: சந்தேகம் எதுவென்றாலும் தனியாகக் கேட்கக்கூடாது, எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் கேட்கவேண்டும், அங்கே யார் கேட்டாலும் பதில் சொல்லவும் வேண்டும். "ஒளிச்சுக் கேட்டா ஒரு ஆள்தான் படிக்கும். தொறந்து கேட்டா எல்லாரும் படிப்பாங்க" என்றான். எதையும் கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது மூச்சுவிட்ட மாதிரி இருந்தது.

அவளுக்கு வாய்த்தது, போன பாதையைப் பதிந்து வைக்கும் ஒரு செயலி. போனைப் பையில் போட்டுக்கொண்டு போனால் வழியெல்லாம் வரைபடத்தில் நீலக் கோடு இழுக்கும்; நெடுநேரம் நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைக்கும். பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால் மட்டும் கோடு அறுந்து, பொட்டு எங்கேயோ கடலுக்குள் போய் விழும். சிவானி மண்டையை உடைத்து அந்தப் பிழையைச் சரிசெய்தாள். திருத்தம் வேலை செய்கிறதா என்று காட்ட, உண்மையாகவே ஒருவர் பஸ்ஸில் போய் இறங்கி நடந்த பதிவு ஒன்றை வைக்கச் சொன்னான் ஷாமில். அவளுடைய போனில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோன பயணம். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் இறங்கி, தேவாலயத்தைச் சுற்றி, ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு வீட்டுக் கூரையின்மேல் வட்டமாய் உட்கார்ந்த பொட்டு. எவ்வளவு வடிவாக விழுந்திருக்கிறது என்று மட்டும்தான் அப்போது அவள் பார்த்தாள். வேலையோடு சேர்த்து அனுப்பினாள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள், அப்பா அந்த இணைப்பைக் குழுவில் போட்டார். அந்தப் பொட்டுக்குக் கீழேதான் அவளுடைய அக்கா கௌரி ஒளிந்திருந்தாள்.

கௌரி ராகுலனை விட்டு ஓடிவந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவர் அடித்த அடியில் அவளுக்கு இடது காது கேட்காமல் போனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். எங்கே போனாலும் கண்டுபிடிப்பேன் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா வரதராசா வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊர் வாய்க்குப் பயந்தவர். ராகுலனுக்கும் சொந்தக்காரருக்கும் அவர் சொன்னது ஒரே கதை: கௌரி யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவுக்குத் துணையாய் நிற்கிறாள். ராகுலன் யாழ்ப்பாணம் போய்த் தேடியும் வந்துவிட்டார். அப்படியிருந்தும் மருமகனைக் குழுவிலிருந்து எடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. எடுத்தால் எடுத்தது எல்லாருக்கும் தெரியும், லண்டன் கேட்கும், ரொறன்ரோ கேட்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையே ராகுலனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

சிவானி ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் பயணப் பதிவை நீக்கினாள். ஏன் நீக்கினாய் என்று ஒரு வரி எழுதுவது அங்கே முறை; அவசரத்தில் 'என் தனிப்பட்ட பயணம், தவறுதலாக வந்துவிட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு பார்த்தால், நீக்கிய பதிவு ஒவ்வொரு வரியும் சிவப்பாய், திட்டத்தின் இணையப் பக்கத்தில் ஆகப் புதிய மாற்றமாக, உச்சியில் எல்லாருக்கும் தெரிய நின்றது. ஆயிரம் கோப்புகளுக்குள் ஒன்றாய்க் கிடந்ததை அவளே எடுத்துக் கடைவாசலில் தொங்கவிட்டிருந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷாமிலுக்குப் போன் எடுத்தாள்.

"அதை இல்லாமப் பண்ணேலாதா? அடியோட?"

"அழிச்சாலும் பழசு உள்ளுக்கு அப்படியே நிக்கும் சிவானி. வேரோட எடுக்கிறதுண்டா திட்டத்தை நடத்துற பெரியாக்கள்தான் எடுக்கணும், அவங்களுக்கு இப்ப ராத்திரி. அதுக்குள்ள யாராச்சும் பிரதி எடுத்தா ஒண்டும் செய்ய ஏலாது." பிறகுதான் கேட்டான்: "ஏன், என்ன நடந்த?"

வெளியாள் எவரிடமும் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை. "அதில எங்கட அக்கா இருக்கிற வீடு இருக்கு. அவவின்ர மனிசன் அவவை அடிக்கிறவர். அவரும் சொஃப்ட்வெயர்க்காரர்தான். அவருக்கு இதெல்லாம் எடுத்து வாசிக்கத் தெரியும்."

"நான்தானே உண்மையான பதிவு கேட்ட" என்றான் ஷாமில். குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் அவங்கள எப்படியாச்சும் எழுப்புறன். நீங்க மொதல்ல அக்காட்ட போங்க."

கௌரியின் போன் வழக்கம்போல அணைந்தே கிடந்தது. அந்த நம்பரையும் யாராவது பிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. சிவானி செருப்பைக் கொழுவும்போது அப்பா பேப்பரும் கையுமாய் வந்து நின்றார்.

"எங்க பிள்ளை இந்த அவசரத்தில?"

"அப்பா, அத்தானைக் குறூப்பால எடுங்கோ. இப்பவே."

"விசர்க்கதை கதையாத. சனம் என்ன கேக்கும்?"

"அக்கா இருக்கிற இடம் அவருக்குத் தெரிஞ்சிட்டுது எண்டு நினைக்கிறன். நான்தான் காட்டிக் குடுத்திட்டன்."

அப்பா பேப்பரை மடித்தார். "நான் குறூப்பில போட்டதாலயோ?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல நிற்காமல் அவள் படியிறங்கினாள்.

காலி வீதியில் சனிக்கிழமை நெரிசல். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று கொண்டக்டர் சிங்களத்தில் கத்தி, நின்றவர்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டவே ஒரு யுகம் எடுத்தது. அத்தானின் கார் சாம்பல் நிறம்; பக்கத்தில் வந்து நின்ற ஒவ்வொரு சாம்பல் காருக்குள்ளும் அவள் அவரைக் கண்டாள். அவருடைய வீடு பொரளையில். அவளைவிட அவருக்குத்தான் கொட்டாஞ்சேனை கிட்ட. கையில் போன் அதிர்ந்தது. திட்டத்தின் பக்கத்தில் அவளுடைய வேலைக்குக் கீழே ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். கேட்டவர் பெயர் ராகுலன். அழகான ஆங்கிலம். 'நல்ல வேலை சிவானி. இவ்வளவு நல்ல சோதனைப் பதிவை ஏன் நீக்குகிறீர்கள் என்று விளக்க முடியுமா? அது முடிகிற இடம் மிகவும் துல்லியமாக இருக்கிறதே.' முடிவில் ஒரு சிரிப்பு முகம். எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு அப்பாவி, நல்ல கேள்வி என்று அதற்கும் கட்டைவிரல் தூக்கியிருந்தான்.

மரியாதையாகக் கேட்டிருந்ததுதான் அவளை நடுங்க வைத்தது. அக்காவின் காது போன அன்றைக்கும் அவர் அப்பாவோடு போனில் மரியாதையாகத்தான் கதைத்தார். கொள்ளுப்பிட்டியில் பஸ் மறுபடி நின்றதும் சிவானி குதித்து இறங்கி ஓட்டோ பிடித்தாள். "கொட்டஹேன, இக்மனட்ட" என்று கொட்டாஞ்சேனையைச் சிங்களத்தில் சொல்லி அவசரப்படுத்தியவளின் முகத்தைப் பார்த்த ஓட்டோக்காரர் வேறெதுவும் கேட்காமல் விரட்டினார்.

ஒழுங்கையில் சாம்பல் கார் எதுவும் இல்லை. தேவாலயத்துக்குப் பூமாலை கட்டிக் கொடுக்கிற மேபல் அன்ரியின் வீடு அது, உள்ளறை கௌரிக்கு. "என்னா மகள், இந்த வெயில்ல ஓடி வாற?" என்ற அன்ரியைத் தாண்டி சிவானி உள்ளே போனாள். கௌரி கட்டிலில் உட்கார்ந்து மல்லிகை மொட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சிவானி பக்கத்தில் போய் விழுந்து, செயலி, பதிவு, பொட்டு, அத்தான் கேட்ட கேள்வி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அக்கா அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லடி. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

இடது பக்கம் இருந்து சொல்லியிருக்கிறாள். எழுந்து வலது பக்கம் போய், அதே பாவத்தை முதலிலிருந்து திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது.

கௌரி திட்டவில்லை. மூலையில் இருந்த சூட்கேசை ஒரு தடவை பார்த்தாள். அப்போதுதான் சிவானியும் அதைக் கவனித்தாள்: அறையில் அலுமாரி இருந்தும் அக்காவின் ஒரு துணிகூட அதில் இல்லை. எல்லாம் சூட்கேசுக்குள்ளேயே மடித்தபடி இருந்தன. அக்கா இங்கே நிம்மதியாக இருக்கிறாள் என்று ஞாயிறுதோறும் நம்பிக்கொண்டுதான் அவள் திரும்பியிருந்தாள்.

"வெளிக்கிடு அக்கா. பாமன்கடையில என்ர சிநேகிதி துஷ்யந்தி வீடு இருக்கு."

"அதுக்குப் பிறகு?"

கௌரி கையை நீட்டிப் போனை வாங்கினாள். கோட்டின் நுனியில் இருந்த பொட்டை விரலால் பெரிதாக்கி, "இதுதான் நானோ?" என்றாள். பிறகு ராகுலனின் கேள்வியை வாசித்தாள். கையிலிருந்த மொட்டொன்று நசுங்கிப்போனது.

"இதுக்குப் பதில் சொல்லோணுமே?"

"சொல்லுறதுதான் அங்க வழக்கம். ஆனா—"

"அப்ப சொல்லு. எல்லாரும் பாக்கிற இடத்தில கேட்டிருக்கிறார். எல்லாரும் பாக்கிற இடத்திலயே சொல்லு."

கௌரி சொல்லச் சொல்ல சிவானி ஆங்கிலத்தில் எழுதினாள். 'அந்தப் பதிவு முடிகிற இடம் என் அக்கா ஒளிந்திருக்கும் வீடு. கேள்வி கேட்டவர் அவளுடைய கணவர். அவர் அடித்ததில் அவளுக்கு ஒரு காது கேட்காது. அதனால்தான் நீக்குகிறேன்.' அனுப்பும் இடத்தில் விரல் நின்றது.

"இதுதான் வீடு எண்டு நாங்களே சொன்ன மாதிரி ஆகுமே அக்கா."

"அவருக்குத் தெரியாததையா சொல்லுறம்? மற்ற ஆக்களுக்குத்தான் தெரியாது." கௌரியே அதை அழுத்தினாள். பிறகு குடும்பத்துக் குழுவைத் திறந்து அதையே தமிழில் எழுதினாள். தன் பெயரையும் கடைசியில் போட்டாள்.

லண்டனிலிருந்து பூ வரவில்லை. 'அப்பா எழுதுகிறார்' என்று மேலே வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. ஒன்றும் எழுதி வரவில்லை. வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரிதான்: 'அப்பா, ராகுலன் அத்தானை நீக்கினார்.' சிவானி அதைப் பார்த்துக் கேவி அழுதாள். சந்தோசமா என்றால் அதுவும் இல்லை. இவ்வளவு நாளும் அத்தான் எப்போது பார்க்கிறார், என்ன சொல்கிறார் என்றாவது தெரிந்தது. இனி அதுவும் தெரியாது.

வெளியே மேபல் அன்ரியின் குரல் உயர்ந்தது. உள்ளே நடந்த கதை அவர் காதிலும் விழுந்திருக்கிறது. வாசல் கேற்றுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மடியில் பூக்கூடையை வைத்து மாலை கோத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கூட்டுப் புள்ளைய அடிச்ச ஆள் ஒருத்தன் வருவானாம். சாம்பல் கார். பாத்துக்கங்க. பொலிசுக்கு என் தம்பி பிறெடி போயிருக்கான்." எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மீன்காரன் சைக்கிளை மதிலில் சாத்தினான்.

கௌரி எழுந்து ஜன்னல் சீலையை ஒதுக்கினாள். வந்த நாளிலிருந்து அது ஒதுங்கியதைச் சிவானி கண்டதில்லை. வெயில் அப்படியே அக்காவின் முகத்தில் விழுந்தது. ஒழுங்கை முனையில் ஒரு வாகனம் வேகத்தைக் குறைத்துத் திரும்பும் சத்தம் கேட்டது. பொலிசோ, அத்தானோ தெரியவில்லை. கௌரிக்கும் கேட்டிருக்கவேண்டும், அவளுடைய கை தங்கையின் கையை இறுகப் பிடித்தது, மல்லிகை வாசத்தோடு குளிர்ந்துபோய் இருந்தது. கேற்றடியில் மேபல் அன்ரியின் ஊசி பாதிப் பூவில் நின்றது. ஒழுங்கையில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாய் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தன.