கழுவிய கல்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு டயர் கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் என் தம்பி கிருஷாந்தின் கலியாண வரவேற்பு நடந்தது. மேடைக்குப் பின்னால் சுவரளவு திரை. அதில் அவனும் மணமகள் நிலக்சியும் கரிய எரிமலைக் கற்களுக்கு நடுவே கைகோத்து நடந்தார்கள். நான் ரோல்ஸ் தின்றுகொண்டு பார்த்தேன். அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை.

கலியாணத்துக்கு முன் 'அவுட்டோர்' படம் எடுக்காத தமிழ்ச் சோடி இந்த நாட்டில் இல்லை. "ஒருத்தரும் போகாத இடமாச் சொல்லு அக்கா" என்று தம்பியும் கேட்டான். எல் இயேரோவுக்குப் போ என்றேன். ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒரு மூலையில் கிடக்கும் சின்னத் தீவு அது. விடுமுறைக் கூட்டமெல்லாம் பெரிய தீவான தெனரீஃபாவோடு நின்றுவிடும். அங்கே காற்று வளைத்து வளைத்துத் தலை தரையில் முட்ட நிற்கும் மரங்கள் உண்டு. தேவாலயம் கீழே இருக்க, அதன் மணிக்கூண்டு மட்டும் கோபித்துக்கொண்டு போனதுபோல ஒரு சாம்பல் குன்றின் மேல் தனியே நிற்கும். இவற்றையெல்லாம் எடு, கடற்கரையில் நான் ஆணி அடித்து அடையாளம் வைத்திருக்கும் பாறைப் பக்கம் மட்டும் போகாதே என்று, பாறையின் படத்தையும் அனுப்பிச் சொன்னேன்.

பான் பல்கலைக்கழகத்தில் என் முனைவர் ஆய்வே அந்தப் பாறைதான். ஆறிய எரிமலைக் குழம்பில் முதலில் குடியேறும் உயிர் கற்பாசி. சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஒட்டிக் கிடக்கும். ஒரு வருடத்தில் நகக்கண் அளவுகூட வளராது. படித்த காலமெல்லாம் வருடாவருடம் போய்க் குப்புறப் படுத்து அதை அளந்தேன். நான் அளந்த மற்றப் பாறைகளை ஒரு புயல் கடலுக்குள் இழுத்துவிட்டது. மிஞ்சியது அது ஒன்று.

திரையில் திடீரென்று அந்தப் பாறை வந்தது. குழம்பு முறுகி இறங்கிய இடம் தும்பிக்கை மாதிரி இருக்கும், எனக்கும் தெரியும். தம்பி அதன் முன் முழந்தாளிட்டு, கையில் தேங்காய்த் தும்போடு, பாறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிலக்சி போத்தலால் தண்ணீர் ஊற்றினாள். சாம்பல் நிறமெல்லாம் கரைந்து ஓடியது. பளபளத்த கறுப்புக் கல்லில் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காயை அதிலேயே அடித்து உடைத்தார்கள். மண்டபம் கை தட்டியது.

மேடைக்குப் போய் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"என்னடா செய்து வச்சிருக்கிறாய்?"

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "சர்ப்ரைஸா இருக்கட்டும் எண்டுதான் சொல்லேல்லை. அவ்வளவு தூரம் போய் உன்ர கல்லைப் பாக்காமல் வரலாமோ? பிள்ளையார் மாதிரியே இருந்தது அக்கா. ஒரே ஊத்தை. நீ தனிய என்னெண்டு கழுவுவாய் எண்டு நானே தேய்ச்சு விட்டன்."

வேண்டுமென்று செய்திருந்தால் அத்தனை பேர் முன்னிலையில் ஓர் அறை விட்டிருப்பேன். அன்பாகச் செய்து தொலைத்தவனை என்ன செய்வது? அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அந்த ஊத்தையைத்தான்டா நான் படிக்கிறன்."

அவன் சிரிப்பு நின்றது. "திரும்ப முளைக்கும்தானே?"

"முளைக்கும். உன்ர பேரப்பிள்ளை கலியாணம் கட்டேக்க வந்து பார்."

"அப்ப உன்ர படிப்பு?"

"முடிஞ்சுது. உன்ர தும்போட போச்சுது."

படம் எடுத்த ரவிச்சந்திரன் அண்ணை அதற்குள் கமெராவும் கையுமாக வந்து நின்றார். "அந்த சீன் பிச்சு உதறீட்டுது தங்கச்சி! இன்ஸ்டாகிராமில போட்ட உடன எத்தினை சோடி இடம் கேக்குது தெரியுமோ?"

"சொன்னீங்களோ?"

"பின்ன? மேப்போட அனுப்பீட்டன். பிள்ளையார் கல்லு எண்டு பேரும் வச்சாச்சு."

அதற்கு மேல் பொறுக்க என்னால் ஏலவில்லை. அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கைப் பறித்தேன்.

"எல்லாரும் கேளுங்கோ. அந்தக் கல்லில இருந்தது ஊத்தை இல்லை, உயிர். என்ர தம்பி அதைத் தேய்ச்சுச் சாக்காட்டிப்போட்டான். என்ர படிப்பும் அதோட போச்சுது. இனி ஒருத்தரும் அங்க தேங்காயோட போகாதேங்கோ. சந்தோசத்தில சொல்லேல்லை, கோவத்தில சொல்லுறன்!"

பிரியாணி பரிமாறும் நேரம். பின் மேசைகளில் ஒரு சொல்லும் கேட்டிருக்காது. மாப்பிள்ளையின் அக்கா தொண்டை அடைக்க வாழ்த்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அங்கிருந்துதான் கைதட்டல் கிளம்பியது. முன் மேசைகளும் சேர்ந்துகொண்டன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். யாரோ விசில் அடித்தார்கள். ரவிச்சந்திரன் அண்ணை என் முகத்தைக் கிட்டவாக எடுத்துக்கொண்டிருந்தார்.

கிருஷாந் மட்டும் தட்டவில்லை. புதுக் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.