யான் துரையின் நுரை

ஒரு நாட்டின் மேன்மை அதன் கொடியிலும் இல்லை, பீரங்கியிலும் இல்லை. அது குடிக்கும் பீரின் நுரையில்தான் இருக்கிறது என்று பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையின் பண்டகசாலைத் துரை முழங்கினார். முழங்கும்போது அவர் தட்டிய பீப்பாயில் இருந்தது காடி. மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் சீமை பீர் முழுக்கப் புளித்திருந்தது.

துரையின் பெயர் யான். பெயரைச் சொன்னாலே தற்பெருமை ஆகிவிடும் மனிதர். அடுத்த ஞாயிறு கோட்டைத் தளபதிக்குப் பிறந்தநாள். பீர் இல்லையா என்று தளபதி முகம் சுளித்ததும், தன் பரம்பரையே பீர் காய்ச்சிய பரம்பரை, இங்கேயே காய்ச்சிவிடலாம் என்று யான் துரை வாக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய தகப்பன் பீப்பாய்க்கு வளையம் அடித்தவர்.

அதனால்தான் கோட்டை வாசலில் அதிரசம் விற்கும் ரங்கம்மாளைத் தேடிக் குப்பத்துக்கே வந்தார். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல துபாஷி கோதண்டம் கூட வந்தார். ரங்கம்மாளுக்கும் கேட்க ஒன்று இருந்தது. போன மாதம் அவள் புருஷன் துளசிங்கத்தின் வலை தளபதியின் படகு நங்கூரத்தில் மாட்டிக்கொண்டது. வலையைக் கோட்டைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து துளசிங்கம் கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலைக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் யாரும் அவனை அடிக்காதது ஆச்சரியம்.

"பீரு நல்லா வந்தா வலை வரணும்னு சொல்லு நைனா," என்றாள் ரங்கம்மாள்.

யான் துரை நெஞ்சில் கை வைத்துச் சம்மதித்தார்.

முளைகட்டிய தானியத்தை வறுத்து, காய்ச்சி, புளிக்க விட வேண்டும். அதற்கு மேல் பரம்பரைக்குத் தெரியவில்லை. மிச்சத்தை ரங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். கேழ்வரகை முளைகட்டினாள். அதிரசத்துக்குப் போடும் அதே கையால் வெல்லமும் ஏலக்காயும் சுக்கும் போட்டாள். பண்டகசாலையிலிருந்து துரையே சட்டைக்குள் ஒளித்து வந்த ஜாதிக்காயையும் பாதாமையும் வறுத்து இடித்துச் சேர்த்தாள்.

இரண்டாம் நாளே வாசனை குப்பத்தைத் தூக்கியது. கடலுக்குப் போக வேண்டிய ஆண்களுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்துக் காற்று சரியில்லை. பக்கத்து வீட்டு முனியம்மா பானையில் காதை வைத்துவிட்டு, "உள்ளாற யாரோ பேசிக்கினு இருக்காங்கடி," என்றாள். அதைக் கேட்க ஒரு வரிசை நின்றது.

மூன்றாம் நாள் நுரை பொங்கியது. வெல்லப்பாகு காய்ச்சுகிறவளுக்கு நுரை என்றால் அழுக்கு. ரங்கம்மாள் கரண்டியால் வழித்துக் கொட்டினாள். மறுபடி வந்தது. மறுபடி வழித்தாள். மூன்று நாள் சண்டையில் அவளே ஜெயித்தாள்.

சனிக்கிழமை யான் துரை வந்து ஒரு வாய் குடித்தார். கண் விரிந்தது. மறுபடி பானைக்குள் பார்த்தார். பிறகு அவர் கத்தியதில் பாதியைத்தான் கோதண்டம் தமிழில் சொன்னார்.

"நுரை எங்கேனு கேக்குறாரு."

"வழிச்சுக் கொட்டிட்டேன்."

"கொட்டிட்டியா? அதுக்குத்தாம்மா அந்த ஆளு உசுர விடுறாரு."

"அழுக்கைப் போய் குடிப்பாங்களா? இன்னா ஜனம் நைனா இது?"

நுரையும் இல்லை, பீருக்கே உரிய கசப்பும் இல்லை, ஆகவே வலையும் இல்லை என்றார் துரை. ரங்கம்மாள் கரைப் பக்கம் பார்த்தாள். துளசிங்கம் இரண்டு பேருக்கு அவர்கள் வலையையே எப்படி மடிப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல நுரையோட வரும்னு சொல்லு," என்றாள்.

வந்தது. மேளத்தோடு பானைகள் கோட்டைக்குள் போயின. கோப்பையில் ஊற்ற ஊற்ற நுரை ஒரு சாண் எழும்பி, வழிந்து, தளபதியின் சரிகை வைத்த சட்டைக் கையை நனைத்தது. சிப்பாய்கள் மேசையைத் தட்டினார்கள். தளபதி கண்ணை மூடிக் குடித்து, ஏலக்காய், சுக்கு, ஜாதிக்காய் என்று விரல்விட்டு எண்ணினார். கடைசியில் நாக்கில் நிற்கும் அந்த உன்னதமான கசப்பு, ஏதோ ஓர் அபூர்வக் கொட்டை என்றார். பரம்பரை ரகசியம் என்று யான் துரை குனிந்து வணங்கினார்.

மூன்றாவது கோப்பையில் வலைக்கு உத்தரவானது. நான்கு சிப்பாய்கள் அதைத் தோளில் சுமந்து வெளியே வந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் துளசிங்கம் கடலில் இருந்தான். கரையில் எல்லாரும் நிம்மதியாக வலை மடித்தார்கள்.

அந்தக் கொட்டையைத் தாய்நாட்டுக்கும் அனுப்பத் தளபதி பெயர் கேட்டார். யான் துரை கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் வாசலுக்கு ஓடி ரங்கம்மாளிடம் கேட்டுவிட்டு, மெதுவாக நடந்து திரும்பி வந்து, பாதாம் என்றார்.

அது பூந்திக்கொட்டை. குப்பத்தில் அதைப் போட்டுத் துணி துவைப்பார்கள்.