அலியனின் இடக்கண்

கரடியனாற்றுப் பக்கம் மாட்டு டொக்டராக வந்த நாள் முதல் மேனுகாவிடம் பெரிய விஷயம் எதையும் ஒருவரும் கேட்டதில்லை. மடி வீங்கிய பசு, சினை தங்காத எருமை, கழிச்சல் வந்த ஆடு என்று நாள் போனது. வேலையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனாலும், "பொம்புளைப் புள்ள, மாட்டைப் பிடிக்கவே வேறாள் வேணும்" என்று யாரோ சிரித்தது அவள் காதில் விழுந்து, முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

அதனால்தான் வட்டவிதானை கனகசிங்கம் ஒரு காலையில் மாட்டாஸ்பத்திரிக்குக் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். வட்டை என்கிற வயல்வெளிக்குத் தண்ணீர் திறப்பது, வயல் காவலுக்கு ஆள் பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"டொக்டர் புள்ள, இந்த யானையை ஒருக்காப் பாருங்க. கத்தினாலும் போகுதில்ல. ரோச் லைட் அடிச்சாலும் திரும்பிப் பாக்குதில்ல. மத்த யானையள் மாதிரி இல்ல இது."

வீடியோவில் குளக்கட்டை ஒட்டி ஓர் அலியன் நின்றது. தந்தமில்லாத ஆண் யானை, நல்ல உயரம். அதன் இடக் கன்னத்தில் ஈரமான கறுப்புக் கோடொன்று வாய்ப்பக்கமாக இறங்கியிருந்தது. மேனுகா படத்தைப் பெருப்பித்தாள். பெருப்பிக்கப் பெருப்பிக்க அது கலங்கிக்கொண்டே போனது. அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை.

'தெரியாது, வனவிலங்கு டொக்டரைக் கேப்பம்' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்து மாவட்டத்தில் இருந்த வனவிலங்கு டொக்டர் றுமைஸின் நம்பரும் அவளிடம் இருந்தது. ஆனால் ஆடு மாடோடு வந்திருந்தவர்கள் எல்லாம் அவளைச் சுற்றி நெருங்கி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கம்பஸில் படித்த ஒரு பாடம் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

"இது மதம், ஐயா," என்றாள். "யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில ஒரு சுரப்பி இருக்கு. மதம் பிடிச்சா அதுக்குள்ளால இப்பிடித்தான் தண்ணி வடியும். ஆளைக் கண்டா விடாது. ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "படிச்ச புள்ள எண்டா இதுதான்" என்றார் ஒருவர். கனகசிங்கம், விவசாயிகளின் வட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மேனுகா தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலியில் செய்தி வாசிக்கிறவளைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அதுவரைக்கும் அந்த யானையை ஊர் ஓரளவுக்குச் சகித்துக்கொண்டுதான் இருந்தது. கட்டோரம் புல் மேயும், தண்ணீர் குடிக்கும், வரம்பில் இறங்கினாலும் ஒரு மூலையோடு திரும்பிவிடும். இப்போது அது மதயானை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேளாண்மை வெட்டும் அறுவடைக் காலம் கிட்டியிருந்தது. பயமும் ஆத்திரமும் சேர்ந்து, எப்படியாவது இதைக் காட்டுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பொழுதுபட யானைவெடிகளோடு போனார்கள். கட்டின் கீழிருந்து, யானையின் இடப்பக்கமாகத்தான் எறிந்தார்கள். வெடித்ததும் அது கூட்டத்தைப் பார்க்கவில்லை, காட்டையும் பார்க்கவில்லை. திடுக்கிட்டு ஒரு சுற்றுச் சுற்றி, நேராக வயலுக்குள் விழுந்தடித்து ஓடியது. அங்கே கட்டுச்சுவர் இல்லாத ஒரு விவசாயக் கிணறு இருந்தது. அதற்குள் யானை விழுந்த சத்தம் அடுத்த வட்டை வரைக்கும் கேட்டது.

விடிந்ததும் றுமைஸ் வந்து சேர்ந்தார். தண்ணீரை இறைத்து, பெக்கோ மெசினால் கிணற்றின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டினார்கள். யானை எழும்பவில்லை. முன்கால் முறிந்து மடிந்து கிடந்தது. ஊசி போட ஒத்தாசைக்கு வரும்படி றுமைஸ் கூப்பிட, மேனுகா சேற்றில் வழுக்கி வழுக்கி இறங்கினாள்.

யானையின் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. கன்னத்துக் கறுப்புக் கோட்டை அவள் கண்ணால் மேலே தொடர்ந்தாள். அது காதுப்பக்கம் போகவில்லை. கண்ணின் உள்மூலையில் போய் முடிந்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கீறல் போலச் சின்னதாக ஒரு துவாரம் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

கண் முழுக்க வெள்ளை படர்ந்து, அவித்த முட்டை மாதிரி இருந்தது. இமைத்தோலின் கீழே கையில் உருண்டவை பழைய ஈயச் சன்னங்கள். யாரோ எப்போதோ சுட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு உலகமே இல்லை. ரோச் வெளிச்சத்துக்கு அது திரும்பாததற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

"மாட்டுக்குப் போல இல்ல," றுமைஸ் மெதுவாகச் சொன்னார். "யானைக்குக் கண்ணீர் மூக்குக்குள்ள இறங்க வழி இல்ல. எல்லாம் கன்னத்தாலதான் வடியும். நோவு இருந்தா வடிஞ்சுகொண்டே இருக்கும்." பிறகு மேலே நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தார். "மதம் எண்டு ஆரு சொன்ன?"

கனகசிங்கம் மேனுகாவின் பக்கம் திரும்பவேயில்லை. "ஊருக்குள்ள ஒரு பேச்சு சேர். ஆரெண்டு சரியாத் தெரியா."

றுமைஸ் தலையை ஆட்டிவிட்டு மருந்துப் பெட்டிக்குள் குனிந்தார். மேனுகாவுக்கு அப்பாடா என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இத்தோடு முடிந்துவிடும். அந்த நிம்மதி நெஞ்சுக்குள் இறங்குவதை அவளே உணர்ந்தாள். உணர்ந்ததும் உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

"நான்தான் சொன்னன்," என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "நேர பாத்தீங்களா?"

"இல்ல. வீடியோவில."

"எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே, மேனுகா."

"உங்கட நம்பர் இருந்தது," என்றாள். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு நின்றுகொள்ள ஓர் இடம் கிடைத்திருக்கும்.

நோவுக்கு ஊசி போட்டார்கள். மற்றபடி செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. மேனுகா வாளியால் தண்ணீர் மொண்டு அதன் தலையிலும் காதிலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி மறுபக்கம் போனபோதுதான் வலக்கண்ணைக் கண்டாள். மண்நிறத்தில், நீண்ட இமைமயிரோடு, தெளிவாக இருந்தது. அந்தக் கண் அவளுடைய வாளியோடு கூடவே போய்க் கூடவே வந்தது. வெயில் ஏறி உச்சிக்கு வருமுன்னமே அசையாமல் நின்றது.

சனம் சூடம் கொளுத்திக் கும்பிட்டது. சிலர் படம் எடுத்தார்கள். "டொக்டர், நீங்களும் கிட்ட நில்லுங்க" என்று ஒருவர் கைபேசியைத் தூக்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரிவில் ஏறினாள். குளக்கட்டின் மேல் உட்கார்ந்து, அதே வட்ஸ்அப் குழுவுக்குப் பேசினாள். 'நான் சொன்னது பிழை. அது மதம் இல்லை. அந்த யானைக்கு இடக்கண் தெரியாது. சரியாகப் பார்க்காமல் சொன்னது என்னுடைய குற்றம்.' திருத்திப் பேசாமல் அப்படியே அனுப்பினாள்.

பதில்கள் வரத் தொடங்கின. சிலர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். 'பரவாயில்லை டொக்டர், எப்படியோ தொல்லை விட்டுது' என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் இரண்டு கை கூப்பி நன்றி சொல்லியிருந்தார். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கனகசிங்கம் வந்து சற்றுத் தள்ளி இருந்தார்.

"என்னத்துக்கு ஐயா அவரிட்டத் தெரியாதெண்டு சொன்னீங்க?"

"நீங்க எங்கட புள்ள. வெளியாள் முன்னுக்கு எப்பிடிக் காட்டிக் குடுக்கிற?" சால்வையால் வாயைத் துடைத்தார். "நீங்க சொல்லாட்டியும் ஒருநாளைக்கு நாங்க வெடி எறிஞ்சுதான் இருப்பம். மனசைப் போட்டு அலட்டாதீங்க."

"அப்பிடிச் சொல்லாதீங்க ஐயா. கட்டோரமா வந்து புல்லுத் தின்னுபோட்டுப் போய்க்கொண்டுதானே இருந்தது?"

அவர் சால்வையை மடித்து மடியில் வைத்தார்.

"முதல் வெடி நான்தான் எறிஞ்ச," என்றார். "கைக்கெட்டின தூரம், புள்ள. அவ்வளவு கிட்டப் போயும் அது என்னைப் பாக்கல்ல. மதத்தில மதிக்குதில்ல எண்டு நினைச்சன்."

மேனுகாவால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே பெக்கோ மெசின் கிணற்றுக்குள் மண்ணைத் தள்ளத் தொடங்கியது. இருவரும் எழும்பிப் போகாமல், குழி நிரம்பும் வரைக்கும் அங்கேயே இருந்தார்கள்.